மலை விழுந்தது, ஆறு காத்திருந்தது!

1893-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். இமயமலைச் சாரலில் உள்ள கார்வால் பிரதேசம். மழைக்காலம் முடியும் தறுவாய்.

அலகநந்தா நதியில் வந்து கலக்கும் சிற்றாறுகளில் பிரேஹி கங்கை என்பதும் ஒன்று. கோஹ்னா என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் அருகே, இரு பக்கமும் செங்குத்தான மலைகள் நெருக்கி நிற்க, நடுவே குறுகலான பள்ளத்தாக்கில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அந்த மலைகளில் ஒன்று ஆற்றுக்குள் விழுந்தது!

ஒரு பாறை, இரண்டு பாறை என்ற கணக்கு இல்லை. மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து வந்துவிட்டது. மூன்று நாட்கள் வரை சரிவு ஓயவில்லை. காதைப் பிளக்கும் சத்தம். பொடிப்பொடியான சுண்ணாம்புப் பாறையின் தூசி வானத்தை மறைத்தது. பல மைல் தூரத்துக்குத் தரையிலும் மரக்கிளைகளிலும் அது படிந்து, பனி பெய்தாற்போல் எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

தூசி அடங்கிய பிறகு பார்த்தால், ஆற்றின் குறுக்கே ஒரு பிரமாண்டமான அணை நின்றது. உயரம் சுமார் 900 அடி! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி. நான்கு விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அந்த அணையின் உச்சியை எட்டாது. அணையின் அடிப்பாகம் ஆற்றின் போக்கிலே சுமார் 11,000 அடி, அதாவது இரண்டு மைல் நீளத்துக்குப் பரவிக் கிடந்தது.

கொத்தனார் கிடையாது, சிமெண்டு கிடையாது. மூன்றே நாளில் இயற்கை கட்டிய அணை!

ஆறு நின்றது. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. முதலில் குட்டை; பிறகு குளம்; பிறகு ஏரி. நாளுக்கு நாள் நீர்மட்டம் உயர்ந்தது.

அந்த அணைக்குக் கீழே என்ன இருந்தது? பத்ரிநாத்துக்குப் போகும் யாத்திரை வழி இருந்தது. சமோலி, நந்தப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை என்று வரிசையாக ஊர்கள் இருந்தன. அதற்கும் கீழே ஸ்ரீநகர். (காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு, இது கார்வால் ராஜாக்களின் பழைய தலைநகரம்.) எல்லாவற்றுக்கும் கடைசியில், மலையை விட்டுக் கங்கை சமவெளியில் இறங்கும் இடத்தில், ஹரித்துவாரம்.

அணை என்றைக்கு உடையும்? உடைந்தால் இவர்கள் கதி என்ன?

மலை ஏன் விழுந்தது?

பூமி அதிர்ச்சி இல்லை, வெடி வைக்கவில்லை. பின் ஏன் விழுந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு பூகர்ப்ப சாஸ்திரி அங்கே அனுப்பப்பட்டார். இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்பவர் அவர்.

இந்த ஹாலந்து தமிழ்நாட்டுக்கும் வேண்டியவரே. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கருங்கல்லை ஆராய்ந்து, அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் அவர்தான். கல்லின் குணம் அறிந்த அந்த மனிதர் கோஹ்னாவில் சரிந்த மலையைப் பார்த்தார். காரணம் விளங்கிவிட்டது.

அந்த மலையின் பாறை அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகள் படுக்கையாக இல்லை. ஆற்றை நோக்கிச் சாய்ந்திருந்தன. சாய்வான ஒரு பலகையின் மேல் புத்தகங்களை அடுக்கி, அவை வழுக்கி விழாமல் கீழ்ப்பக்கம் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தால் எப்படியோ, அப்படி. கீழே இருந்த பாறைதான் மேலே இருந்த பாறைக்கு முட்டு.

அந்த முட்டை எடுத்தது யார்? ஆறுதான்!

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்புக்கே அப்படி என்றால், கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு வேகமாகப் பாயும் மலையாற்றைக் கேட்க வேண்டியதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த ஆறு தன் படுகையை அறுத்துக்கொண்டே வந்தது. பள்ளத்தாக்கு ஆழமாயிற்று. கரை செங்குத்தாயிற்று. மலையின் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டது.

மேலே மழை நீரும் சும்மா இருக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் கரைக்கும். பாறை இடுக்குகளில் இறங்கி, அடுக்குகளின் பிடிமானத்தைத் தளர்த்திக்கொண்டே வந்தது. அடியில் முட்டு போயிற்று. நடுவே பிடிப்புப் போயிற்று. கடைசி மழைக்காலம் ஒரு சாக்கு. மலை இறங்கிவிட்டது.

தண்ணீர் செய்யும் மாயம்

மழைக்காலத்தில்தான் மலைகள் பெரும்பாலும் சரிகின்றன. இதற்குத் தண்ணீர் வழவழப்பை உண்டாக்குவதே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். விஷயம் அதைவிடச் சுவையானது.

கடற்கரையில் மணல் வீடு கட்டும் குழந்தைக்கு இது தெரியும். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சுவர் நிற்கும். குடத்துத் தண்ணீரையும் ஊற்றிவிட்டால் வீடே கரைந்து உட்கார்ந்துவிடும்.

மண்துகள்களும் கற்களும் சரிவான இடத்தில் நிற்பதற்குக் காரணம், ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு இருப்பதுதான். அந்த அழுத்தமே பிடிமானம். துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால், அது மேலே உள்ள பாரத்தை ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. துகள் துகளை அழுத்துவது குறைகிறது. பிடி விடுகிறது. அதே சமயம் ஈரத்தால் மண்ணின் எடையும் கூடுகிறது. பிடி குறைந்து பாரம் கூடினால் என்ன ஆகும்? பூமியின் ஈர்ப்பு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே, மலைச்சரிவு திடீரென்று ஒரு நாளில் நடந்தாலும், அதற்கான வேலை பல்லாண்டுகளாக நடந்திருக்கிறது. அரிப்பு என்னும் மெதுவான வேலையில் அது ஒரு வேகமான நிமிஷம். ஆறு ஆயிரம் ஆண்டு அரித்தாலும் எடுக்க முடியாத மலையை, சரிவு மூன்று நாளில் ஆற்றின் வாயில் கொண்டுவந்து போடுகிறது.

ஆறு மலைக்குள் சுரங்கம் தோண்டவில்லை. காலடியை மட்டும் அரித்தது. மலை தானாக வந்து விழுந்தது. உலகில் உயர்ந்த மலைநாடுகளில் பள்ளத்தாக்குகள் அகலமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஓர் ஆண்டு காத்திருந்தார்கள்

மீண்டும் கோஹ்னாவுக்கு வருவோம். செய்தி கிடைத்ததும், ஜில்லா சர்வேயர் ஹரிகிருஷ்ண பந்த் என்பவர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். பிறகு சூப்பரின்டெண்டிங் இன்ஜினீயர் கர்னல் புல்போர்டு நேரில் சென்றார். பள்ளத்தாக்கை அளந்தார். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், மழைக்காலத்தில் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டார். முடிவு சொன்னார்: அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாத நடுவில் ஏரி நிரம்பி அணைக்கு மேல் வழியும்!

வழிந்தால்? செயற்கை அணையாக இருந்தால் கற்களைக் கலவை போட்டுப் பிணைத்திருப்பார்கள். இது வெறும் குவியல். உடைந்த பாறையும் கல்லும் பொடியும் கண்டபடி கலந்து கிடந்த மேடு. அதன் உச்சியில் தண்ணீர் வழியத் தொடங்கினால், அந்தத் தண்ணீரே அணையை அறுத்துவிடும்.

அணையை வெட்டித் தண்ணீரை மெல்ல வடித்துவிடலாமா என்ற யோசனையும் எழுந்தது. இரண்டு மைல் அகலக் குவியலில், எப்போது இன்னும் சரியும் என்று தெரியாத மலைக்குக் கீழே, ஆட்களை வைத்து வெட்டுவது சாத்தியமில்லை. யோசனை கைவிடப்பட்டது.

மலையோடு மல்லுக்கு நிற்பதில்லை. மனிதர்களை அப்புறப்படுத்துவது என்று தீர்மானித்தார்கள். அதற்கு ஓர் ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த ஓர் ஆண்டை அவர்கள் வீணாக்கவில்லை.

கோஹ்னாவிலிருந்து ஹரித்துவாரம் வரை, ஏறக்குறைய 150 மைல் தூரத்துக்கு, மலையும் காடும் கடந்து தந்திக் கம்பி போட்டார்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று கணித்து, பள்ளத்தாக்கு நெடுகிலும் மலைச்சரிவுகளில் அடையாளத் தூண்கள் கட்டினார்கள். தூணுக்குக் கீழே ஆபத்து, மேலே பத்திரம். எழுத்தறிவு இல்லாதவனுக்கும் புரியும் எச்சரிக்கை! தொங்கு பாலங்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். யாத்திரிகர்களுக்கு மேட்டில் புதிய வழி அமைத்தார்கள். குரூக்ஷாங்க் என்ற இளம் ராணுவ இன்ஜினீயர் ஏரிக்கரையிலேயே முகாம் போட்டு, நீர்மட்டத்தைக் கவனித்து வந்தார்.

1894-ம் ஆண்டு மழைக்காலம் பிறந்தது. ஏரி 4 மைல் நீளத்துக்கு நீண்டுவிட்டது. தண்ணீர் அணையின் உச்சியை நெருங்கியது.

நள்ளிரவில் உடைந்தது!

ஆகஸ்டு 25-ந் தேதி, அதிகாலை. அணையின் உச்சியில் ஒரு சிறு ஓடை போலத் தண்ணீர் வழியத் தொடங்கியது. புல்போர்டு சொன்ன காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பத்து நாள்தான்!

தந்தி பறந்தது. கீழே உள்ள ஊர்களில் ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள்.

வழிந்த தண்ணீர் முதலில் மெல்ல அறுத்தது. அறுத்த வாய் ஆழமானது. ஆழமான வாயில் அதிகத் தண்ணீர் புகுந்தது. அதிகத் தண்ணீர் இன்னும் வேகமாக அறுத்தது. பகல் முழுவதும் இப்படியே போயிற்று. நள்ளிரவு நெருங்கும் வேளை. பேரிடி போன்ற சத்தம். அணையின் மேற்பகுதி பிய்த்துக்கொண்டு போயிற்று!

நான்கரை மணி நேரத்தில் ஏரியிலிருந்து வெளியேறிய தண்ணீர் 1,000 கோடி கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி முழுக்க நிரம்பினாலும் அதில் சுமார் 364 கோடி கன அடிதான் கொள்ளும். கிட்டத்தட்ட மூன்று செம்பரம்பாக்கம் ஏரிகள் ஒரே ராத்திரியில், ஒரு குறுகிய மலைச் சந்து வழியாகப் புறப்பட்டன! சராசரியாக வினாடிக்கு 6 லட்சம் கன அடிக்கு மேல். பொழுது விடிந்தபோது ஏரியின் மட்டம் 390 அடி இறங்கியிருந்தது.

ஸ்ரீநகரில் வெள்ளம் வழக்கமான மட்டத்துக்கு மேல் 42 அடி உயர்ந்தது. ராஜாவின் பழைய அரண்மனை போயிற்று. கடைவீதி போயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு ஊர் இருந்த இடத்தில் மணலும் கல்லுமே மிஞ்சின. பிற்பாடு மேட்டு நிலத்தில் புதிய ஸ்ரீநகர் கட்டப்பட்டது. தொலைவிலுள்ள ஹரித்துவாரத்திலும் வெள்ளம் 11 அடி எழும்பியது.

உயிர்ச்சேதம்? ஐந்து பேர்! ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும். அவர்களையும் அதிகாரிகள் முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள். கேளாமல் திரும்பி வந்து மாண்டுபோனார்கள். 150 மைல் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் ஆபத்தில்லை.

ஆற்றின் முறம்

உடைந்த அணை எங்கே போயிற்று? அதுதான் இந்தக் கதையின் அடுத்த பாதி.

சரிவில் விழுந்த குவியலைப் பார்த்தால், யானை அளவு பாறையும் மாவு போன்ற பொடியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். கற்களின் விளிம்புகள் கத்தி போல் கூராக இருக்கும். ஏனெனில் அவை உடைந்து விழுந்தவை. உருண்டு தேய்ந்தவை அல்ல. ஈர்ப்பு விசைக்குத் தரம் பிரிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடும்.

ஆறு அப்படியல்ல. வீட்டில் முறத்தால் புடைக்கும் பெண்மணி அரிசியையும் தவிட்டையும் கல்லையும் பிரிப்பது போல, ஆறு பிரிக்கிறது. வேகம் இருக்கும் வரை பெரிய கல்லையும் உருட்டும். வேகம் குறைந்த இடத்தில் முதலில் பெரிய பாறைகளை விடும். சற்றுத் தள்ளிக் கூழாங்கற்கள். இன்னும் கீழே சரளை. சமவெளியில் மணல். வெள்ளம் பரந்து நின்று வடியும் வயல்களில் மெல்லிய வண்டல். கடலுக்குப் போய்ச் சேருவது களிமண். வழி நெடுக ஒன்றோடொன்று மோதிக் கூர்விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. ஆற்றங்கரையில் கிடைக்கும் ஒரு வழவழப்பான கூழாங்கல், எங்கோ ஒரு மலையிலிருந்து கூரான துண்டாகப் பயணம் தொடங்கியிருக்கலாம்.

எனவே அரிப்பு, சரிவு, படிவு மூன்றும் தனித்தனி விஷயங்கள் அல்ல. அரிப்பு மலையின் காலைத் தளர்த்துகிறது. சரிவு மலையைக் கீழே கொண்டுவருகிறது. ஆறு அதை எடுத்துச் சென்று வேறிடத்தில் படிய வைக்கிறது. கங்கைச் சமவெளியின் வளமான மண், இமயமலை இப்படிக் கொடுத்த கொடைதான். சரிவு நின்றுவிட்டால் வண்டலும் இல்லை, வயலும் இல்லை.

மறந்துபோன பாதி

1894-ல் அணை முழுவதும் போகவில்லை. மேற்பாகம்தான் போயிற்று. கீழ்ப்பாகம் நின்றது. அதற்குப் பின்னால் ஓர் அழகான ஏரியும் மிஞ்சியது. ஜனங்கள் அதைத் துர்மி தால் என்றும் அழைத்தார்கள்.

ஏரியில் தண்ணீர் ஆடாமல் நின்றது. நின்ற தண்ணீரில் மண் தங்கும். மேலேயிருந்து பிரேஹி கங்கை கொண்டுவந்த கல்லும் மண்ணும் ஆண்டுதோறும் ஏரியின் அடியில் படிந்தன. ஏரி சத்தமில்லாமல் தூர்ந்து வந்தது. கீழே உள்ளவர்களுக்கு அது ஒரு காவல்காரன். மலையிலிருந்து வரும் சுமையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டது. எத்தனை நாள் வாங்கும்?

76 ஆண்டுகள் வாங்கியது.

1970-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி அலகநந்தாப் பள்ளத்தாக்கில் பேய்மழை கொட்டியது. சரிவுகள் ஒன்றா, இரண்டா? பாதாள கங்கை என்ற மற்றொரு சிற்றாற்றைச் சரிந்த மண் மறித்தது. பிறகு அந்த மறிப்பு உடைந்து, யாத்திரை வழியில் இருந்த பேலாகூச்சி என்ற ஊரைப் பஸ்களோடு சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. கோஹ்னா ஏரிக்கும் அன்றே முடிவு வந்தது. மலையிலிருந்து வந்த கல்லும் மண்ணும் அதை நிரப்பின. மிச்சமிருந்த அணையும் உடைந்தது. ஹரித்துவாரத்தில் தொடங்கும் மேல் கங்கைக் கால்வாய் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டலால் அடைபட்டுப் போயிற்று. மலையில் விழுந்த மண், சமவெளியில் பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் செய்தது!

1894-ல் ஓர் ஆண்டு முன்னதாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1970-ல் முன்னறிவிப்பு இல்லை. இந்தத் தடவை பலர் மாண்டார்கள்.

மரம் காக்குமா?

வெள்ளத்துக்குப் பிறகு ஜனங்கள் யோசித்தார்கள். மலைமேல் காடுகள் பெருவாரியாக வெட்டப்பட்டதற்கும் மண் இறங்கியதற்கும் சம்பந்தம் உண்டு என்று சண்டிபிரசாத் பட் முதலிய ஊழியர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். 1973-ல் அதே சமோலி ஜில்லாவில் சிப்கோ இயக்கம் பிறந்தது. சிப்கோ என்றால் கட்டிக்கொள் என்று பொருள். 1974-ல் ரேணி கிராமத்துப் பெண்கள், கௌரா தேவியின் தலைமையில், வெட்ட வந்தவர்களை மறித்து மரங்களைக் காத்தார்கள்.

மரம் சரிவைத் தடுக்குமா? தடுக்கும், ஆனால் எல்லாச் சரிவையும் அல்ல. வேர் எவ்வளவு ஆழம் போகுமோ, அவ்வளவு ஆழத்து மண்ணைத்தான் அது பிடித்து வைக்கும். மேல்மண் சரிவதையும் மழையில் கரைவதையும் காடு வெகுவாகக் குறைக்கும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் பாறையே பெயரும்போது, மேலே நிற்கும் காடும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

நீலகிரியில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை. அங்கேயும் அடியில் இருப்பது பல்லாவரத்துச் சார்னோகைட் இனத்துக் கல்தான். வெயிலிலும் மழையிலும் அந்தக் கல் நெடுங்காலம் சிதைந்து, பாறைமேல் கனமான செம்மண் போர்வையாகிவிட்டது. பெருமழையில் அந்தப் போர்வை நனைந்து பாரமாகிச் சரிகிறது. 2009-ம் ஆண்டு நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் இப்படிச் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சாலைக்காகவும் வீட்டுக்காகவும் சரிவின் பாதத்தை வெட்டுவது, ஆறு ஆயிரம் ஆண்டில் செய்யும் வேலையை மண்வெட்டியாலும் இயந்திரத்தாலும் ஒரே வாரத்தில் செய்வதாகும். மழைநீர் வடியும் வழியை அடைப்பது அதைவிடக் கெடுதல்.

2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் நடந்ததையும் மறக்க முடியாது. மலையுச்சியில் தொடங்கிய சரிவு, ஓடையில் இறங்கி, வழியில் இருந்த பாறையையும் மரத்தையும் கரையையும் அரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, மைல் கணக்கில் ஓடியது. முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் வெகுதூரத்துக்கு அப்பால் சாலியாற்றில் கிடைத்தன. அரிப்பால் பிறந்த சரிவே, ஓடும்போது அரிக்கவும் செய்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம்.

மழை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்றும் எண்ணக் கூடாது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, நல்ல குளிர்காலத்தில், மரத்தைக் காத்த அதே ரேணி கிராமத்துக்கு மேலே, ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. ரிஷிகங்கையில் எழுந்த சேற்று வெள்ளம் இரண்டு மின்சார நிலையங்களை நாசமாக்கியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் இருநூறுக்கு மேல்.

கன்னியாகுமரி வரை!

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் மண்ணைச் சுமந்து வருகின்றன. அதில் ஒரு பங்கு வயலில் தங்குகிறது. ஒரு பங்கு வங்கத்தின் கழிமுகத்தைக் கட்டுகிறது. மிச்சம் கடலில் விழுகிறது. விழுந்து அங்கேயே தங்குவதும் இல்லை. கடலுக்கு அடியிலும் சரிவுகள் உண்டு! கழிமுகத்தின் விளிம்பில் குவிந்த சேறு சரிந்து, நீருக்கடியில் ஆறு போல் ஓடி, தெற்கே வெகுதூரம் போய்ப் படிகிறது.

அப்படிப் படிந்த விசிறி வடிவ மேடு, வங்காள விரிகுடாவின் அடித்தளத்தை மூடிக்கொண்டு சுமார் 3,000 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. இலங்கைக்கும் தெற்கே அது போகிறது. உலகத்தில் இதைப் போன்ற பெரிய படிவு மேடு வேறு இல்லை. 2015-ம் ஆண்டு சர்வதேச விஞ்ஞானிகள் கப்பலிலிருந்து அதைத் துளையிட்டுப் பார்த்தார்கள். துளையிட்ட இடங்கள் ஏறக்குறைய கன்னியாகுமரியின் நேர்க்கோட்டில், வட அட்சம் 8 டிகிரியில் இருந்தன. மேலே வந்தது இமயமலையின் மண்!

மலை உச்சியில் தொடங்கிய வேலை, குமரிக்கு நேர் கிழக்கே ஆழ்கடலில் முடிகிறது.

எங்கே வீடு கட்டுவது?

இந்த வேலையை மனிதனால் நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது. அதன் நடுவே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் அவனால் ஆகக் கூடியது.

மலைநாட்டில் சமதளமான இடம் கிடைப்பது அரிது. கிடைத்தால் அது பெரும்பாலும் பழைய சரிவின் குவியலாகவோ, பழைய வெள்ளம் விட்டுச் சென்ற மேடாகவோ இருக்கும். மண் ஆழமாக இருக்கும்; ஊற்று இருக்கும்; பயிர் விளையும். அதனால்தான் ஊர்கள் அங்கே அமைந்தன. ஆனால் ஒரு முறை மண் இறங்கிய வழியில் மறுமுறையும் இறங்கலாம். குழி தோண்டும்போது, கூர்விளிம்புக் கற்களும் மண்ணும் கண்டபடி கலந்து கிடந்தால், அந்த இடம் என்றோ மேலிருந்து வந்தது என்று பொருள். உருண்டைக் கற்கள் கிடந்தால், என்றோ ஆறு அங்கே ஓடியது என்று பொருள். நிலம் தன் சரித்திரத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

வேறு அடையாளங்களும் உண்டு. நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்வது. சரிவின் தலைப்பில் புதிதாக வெடிப்பு விடுவது. தெளிந்த ஊற்று கலங்குவது. கதவு நிலை இறுகுவது. பெருமழையில் ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைவது. கடைசியாகச் சொன்னதைக் கண்டால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. மேலே எங்கோ மலை விழுந்து ஓடையை மறித்திருக்கிறது. பிரேஹி கங்கையை மறித்ததைப் போல. அந்த மறிப்பு உடைவதற்கு ஓர் ஆண்டும் ஆகலாம். ஒரு நிமிஷமும் ஆகலாம்.

கோஹ்னாவில் மலை விழுவதை யாராலும் தடுக்க முடியவில்லை. அணை உடைவதையும் தடுக்க முடியவில்லை. ஆற்றின் போக்கைக் கணக்குப் போட்டுப் பார்த்து, மலைச்சரிவில் சில தூண்களைக் கட்டினார்கள். ஒரு கம்பியை இழுத்தார்கள். ஜனங்களிடம் எடுத்துச் சொன்னார்கள். அன்றிரவு ஸ்ரீநகரமே மண்ணோடு போயிற்று. தூணுக்கு மேலே ஏறி நின்றவர்கள் அனைவரும் பிழைத்தார்கள்.